வீடு விற்கும் முன் முன்வாசல் தோட்டம்: பருவம் பார்த்துத் தயார் செய்ய ஒரு முழு வழிகாட்டி

சென்னையில் தனி வீடு வாங்க வருகிறவர் கேட்டைத் திறக்கும் முன்பே இரண்டு கேள்விகளை மனதில் வைத்திருக்கிறார். கோடையில் தண்ணீர் இருக்குமா? மழையில் தண்ணீர் நிற்குமா? 2015 டிசம்பர் வெள்ளம், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு ஊரே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று இந்த ஊர்க்காரர்கள் பட்டது அப்படி. விலை, பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அப்புறம்தான்.

வீட்டு முன்புறத் தோட்டத்தை அழகு வேலையாக மட்டும் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சித்திரை வெயிலில் வாசலில் நாலு செடி பச்சையாக நின்றால், "இங்கே போர் வற்றவில்லை" என்று வருகிறவருக்குத் தானாகப் புரியும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் தரை காய்ந்து கிடந்தால், இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். தோட்டம் போட்டதால் விலை சில லட்சம் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சந்தேகம் குறையும், பேரம் கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

இங்கே எழுதியிருப்பது சென்னையையும் அதைச் சுற்றியுள்ள கடலோரப் பகுதிகளையும் மனதில் வைத்து. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும் ஊர் இது. கோவை, குற்றாலம் பக்கம் இருப்பவர்கள் மாதக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் நாள்காட்டி

ஆடியிலும் மார்கழியிலும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பெரும்பாலானவர்கள் தயங்குவார்கள். வீடு பார்க்க வருவார்கள், "மாதம் பிறக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆவணி பிறந்ததும், தை பிறந்ததும் பேச்சு சூடுபிடிக்கும். முகூர்த்த நாள்களில் பத்திரப்பதிவு அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் ஒதுக்கும் அளவுக்குக் கூட்டம் சேரும். மூன்றாவது ஒரு பருவமும் உண்டு. முழுப் பரீட்சை முடிந்து, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடிபோக வேண்டும் என்று பங்குனி, சித்திரையில் அலையும் குடும்பங்கள்.

ஆக, யாரும் வாங்காத ஆடியும் மார்கழியும்தான் உங்களுடைய வேலை மாதங்கள். ஆடியில் நட்டது ஆவணியில் தழைத்து நிற்கும். மார்கழியில் ஒழுங்கு செய்தது தையில் பூக்கும். சித்திரையில் விற்க நினைப்பவர்கள் மாசியிலேயே தொடங்கிவிட வேண்டும், வெயில் ஏறிய பிறகு நட்ட செடி வேர் பிடிக்காது. எந்தப் பருவமானாலும் எட்டு முதல் பத்து வாரம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் நடவு வேலையை மறந்துவிட்டு, சுத்தம் செய்வதிலும் மொட்டு விட்ட தொட்டிச் செடிகள் வாங்கி வைப்பதிலும் இறங்குங்கள்.

எதிர்ச் சாரியில் போய் நில்லுங்கள்

வேலையைத் தொடங்கும் முன் ஒருநாள் தெருவின் எதிர்ப் பக்கம் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். பல வருஷம் குடியிருந்த கண்ணுக்குச் சில விஷயங்கள் தெரியவே தெரியாது. போன வருஷத் தேர்தல் போஸ்டர் பாதி கிழிந்து சுவரில் தொங்கும். கேட்டில் கட்டிய திருஷ்டிப் பூசணி அழுகிச் சுருங்கியிருக்கும். மாடியில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி தலை நீட்டும். மின்கம்பத்திலிருந்து வரும் கேபிள் டிவி வயர், இப்போது யாருக்கும் உபயோகமில்லாமல், முருங்கைக் கிளையோடு பின்னிக் கிடக்கும்.

செல்போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் கண்ணில் படாதது படத்தில் துருத்திக்கொண்டு தெரியும். வீடு பார்க்க வருகிறவரும் முதலில் பார்ப்பது படத்தைத்தானே.

அப்புறம் வேலைக்கு ஒரு வரிசை போடுங்கள். கொத்தனார் வேலை, பெயின்ட், மண், செடி, கடைசியில் விளக்கு. இந்த வரிசையை மாற்றினால் காசு இரண்டு தடவை செலவாகும். பெயின்டர் ஏணி போடுகிற இடத்தில்தான் நீங்கள் ஆசையாக வைத்த இட்லிப்பூ இருக்கும்.

பெயின்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. மழை ஓய்ந்த கையோடு வெளிச்சுவருக்கு அடிக்காதீர்கள். சுவர் குடித்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் சில வாரங்களில் கொப்புளம் போடும். டிசம்பர் கடைசியில் மழை நின்றால், நல்ல வெயில் இரண்டு மூன்று வாரமாவது காயட்டும். தைப் பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும் நம் பழக்கம் இந்தக் கணக்கோடு ஒத்துத்தான் போகிறது.

தண்ணீர் போகும் வழி

எந்தப் பருவத்தில் விற்பதானாலும் இதை மட்டும் விட்டுவிடக் கூடாது. செடிக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதியை இங்கே போட்டாலும் தப்பில்லை.

ஒரு பக்கெட் தண்ணீரைப் போர்ட்டிகோ ஓரத்தில் ஊற்றிப் பாருங்கள். அது சுவரைப் பார்த்து ஓடினால் வாட்டம் தப்பு. வீட்டிலிருந்து கேட்டை நோக்கி, அல்லது மழைநீர் சேகரிப்புக் குழியை நோக்கி, எட்டடிக்கு ஓர் அங்குலமாவது இறக்கம் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் தெருவுக்கு ரோடு மேல் ரோடு போட்டு, வாசல் தெருவைவிடத் தாழ்ந்து போயிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் கேட்டடியில் ஒரு கம்பி மூடி போட்ட குறுக்கு வாய்க்கால் எடுத்து, வரும் தண்ணீரைக் குழிக்குத் திருப்பலாம். ரோடே அரையடி உயரம் என்றால் அதற்குச் செடி வைத்து மருந்து கிடையாது. விலையில் பேசித்தான் தீர வேண்டும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பல வீடுகளில் மாடிக் குழாய் ஒன்று தரையில் எங்கோ மறைந்து போகும், அது எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. குழியைத் திறந்து, மேல் மணலை அள்ளிக் கழுவிப் போட்டு, கூழாங்கல்லைச் சீர் செய்து, மூடியைச் சுத்தமாக்கி வையுங்கள். புதருக்குள் ஒளிக்காமல், சுற்றி அரையடி இடம் விட்டுப் பளிச்சென்று தெரிய விடுங்கள். வாங்க வருகிறவரோடு பெரும்பாலும் விவரம் தெரிந்த ஒரு சித்தப்பாவோ மாமாவோ வருவார். அவர் நேராக அங்கேதான் போய் நிற்பார்.

முன்புறம் முழுக்க சிமென்ட் போட்டு மூடியிருந்தால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்காவது உடைத்து மண்ணைத் திறந்து விடுங்கள். செடிக்கும் இடம் கிடைக்கும், தண்ணீரும் இறங்கும்.

மரங்களும் சுவர்க் கன்றுகளும்

மாமரம், தென்னை, வேம்பு மூன்றும் விற்பனைக்குத் துணை. வெட்டலாமா என்று யோசிக்கவே வேண்டாம். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள், அதன் கீழேதான் கார் நிறுத்துவார்கள். முருங்கை வேறு கதை. காய்க்கு நல்லதுதான், ஆனால் கிளை முறியும், மழைக்குப் பிறகு கம்பளிப்பூச்சி அப்பும். வீட்டுக்கு முன்னால் முருங்கை ஆகாது என்று நினைக்கிற குடும்பங்களும் நிறைய. முன்வாசலில் இருந்தால் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் போதும், சில வாரங்களில் குட்டையாகத் தழைத்துக் கீரைச் செடி மாதிரி நிற்கும்.

கிளை கழிப்பதை ஆனி, ஆடிக்குள் முடித்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்கள், வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் கிளையைப் பார்த்தால் மரத்தை ரசிக்க மாட்டார்கள். ஒன்று கவனம்: தெருவோர மரம் உங்களுடையது இல்லை. அது கேட்டை மறைத்தாலும் மாநகராட்சியில் மனுக் கொடுத்துத்தான் கழிக்க வேண்டும்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் சன்ஷேடிலும் முளைத்திருக்கும் அரசங்கன்றை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் பார்க்காவிட்டாலும் வாங்குகிறவர் பார்ப்பார். அது முளைத்த இடத்தில் வெடிப்பு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அரச மரத்தை வெட்ட மனசு வராதவர்கள் கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்துக் கோயில் வளாகத்திலோ ஏரிக்கரையிலோ நட்டுவிடலாம். எடுத்த இடத்தில் வேர்த் துணுக்கு மிச்சமில்லாமல் சுரண்டி, வெடிப்பைப் பூசிவிட்டுத்தான் பெயின்ட்.

மண்

திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் மணல், வேளச்சேரி பக்கம் களிமண். மணலுக்கு எருவும் தேங்காய் நார்க்கழிவும் சேர்த்தால்தான் ஈரம் நிற்கும். களிமண்ணுக்கு மணலும் எருவும் சேர்த்துக் கொத்தினால்தான் வேருக்கு மூச்சு கிடைக்கும். எல்லாருக்கும் பொதுவாக, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, கூட ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. எரு மக்கியிருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பச்சைச் சாணம் போட்டால் வீடு பார்க்க வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ரோஜா, சாமந்தி பக்கம் போக வேண்டாம். இலை நுனி கருகி, தண்ணீர் உப்பு என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி இந்த மூன்றும் ஓரளவு உப்பைத் தாங்கும்.

தை விற்பனைக்கு

இருப்பதில் எளிதான பருவம் இதுதான். மழை முடிந்து மண் ஈரமாக, வெயில் இதமாக இருக்கும். செண்டுமல்லி விதையிலிருந்து பூக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். எனவே கார்த்திகைத் தொடக்கத்தில் நாற்று விட வேண்டும், அதுவும் போர்ட்டிகோ கூரைக்கு அடியில். திறந்த இடத்தில் விட்டால் ஒரே மழையில் கரைந்து போகும். பொறுமை இல்லாதவர்கள் மார்கழிக் கடைசியில் மொட்டு விட்ட செடியாகவே வாங்கிக்கொள்ளலாம். சாமந்தியும் இந்தப் பருவத்தில்தான் அழகு.

மல்லிகைக் கொடி இருந்தால் நவம்பர் கடைசியில் கவாத்து செய்யுங்கள். தையில் அது மொட்டையாக, பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும், ஆனால் விற்பனை இழுத்துக்கொண்டு பங்குனிக்குப் போனால் மாலையில் வருகிறவருக்கு வாசனை கேட்டிலேயே வந்துவிடும்.

மழைக்குப் பிறகு காம்பவுண்டுச் சுவரின் அடியில் கறுப்பாகப் பாசி ஏறியிருக்கும், நடைபாதை வழுக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தால் போய்விடும். கழுவிய தண்ணீர் செடிப் பாத்தியில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோரையும் பார்த்தீனியமும் இந்தச் சமயத்தில்தான் கிளம்பும், பூக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டும்.

சித்திரை விற்பனைக்கு

கஷ்டமான பருவம், ஆனால் நன்றாகச் செய்தால் பலன் அதிகம். தெருவே காய்ந்து கிடக்கும்போது உங்கள் வாசல் மட்டும் பச்சையாக இருப்பதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

காகிதப்பூவை நம்புங்கள். அதற்கு வெயில்தான் சாப்பாடு. மாசியில் லேசாகக் கத்தரித்து, இலை கொஞ்சம் துவளும்வரை தண்ணீரைக் குறைத்தால் இலையைவிடப் பூ அதிகமாகத் தெரியும். தினமும் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சினால் வெறும் இலையும் முள்ளும்தான். இட்லிப்பூ, செம்பருத்தி, அடினியம், டேபிள் ரோஸ் எல்லாம் கத்திரி வெயிலைத் தாங்கும். டேபிள் ரோஸ் குச்சியை ஒடித்து வைத்தாலே மூன்று நாலு வாரத்தில் பூத்துவிடும், செலவே இல்லை. ஆனால் அது மாலையில் பூவை மூடிக்கொள்ளும். ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்கு வருகிறவர்கள் அதிகம் என்றால், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பும். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்.

நட்ட செடியின் அடியில் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ இரண்டு மூன்று அங்குலம் பரப்பிவிடுங்கள். தண்ணீர் காலையில் ஆறு மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. நர்சரியிலிருந்து வந்த செடியை நேராக வெயிலில் வைக்காதீர்கள். இங்கே விற்கும் செடிகளில் நிறைய ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் உள்ள கடியத்திலிருந்து லாரியில் வருபவை. ஒரு வாரம் நிழலில் வைத்து ஊர் பழக்கிவிட்டு அப்புறம் நடுங்கள்.

மழைக்காலத்தில் விற்கலாமா?

ஐப்பசி, கார்த்திகையில் வீட்டைக் காட்ட எல்லோரும் பயப்படுவார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்காது என்றால், நான் அந்த மாதங்களில்தான் காட்டச் சொல்வேன். பெருமழை விட்ட மறுநாளே புரோக்கருக்குப் போன் போட்டு, "இன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். போட்டிக்கு வேறு வீடும் அதிகம் இருக்காது.

இதற்கு ஆடிப் பட்டத்தில் நட்டிருக்க வேண்டும். நந்தியாவட்டை, பவழமல்லி, கிரோட்டன்ஸ், முல்லை எல்லாம் மழைக்குள் நன்றாக நிமிர்ந்துவிடும். பவழமல்லி காலையில் வாசலில் உதிர்ந்து கிடக்கும்போது காட்டினால் போதும், பேச்சே தேவையில்லை. தொட்டித் தட்டுகள், தேங்காய் ஓடு, பழைய டயர் எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசு ஒரு வாரத்தில் உருவாகிவிடும். பேசிக்கொண்டிருக்கும்போது காலைச் சொறிய ஆரம்பித்தால் அந்தப் பேச்சு நீளாது.

தண்ணீர் நிற்கும் தெரு என்றால் மறைக்க நினைக்காதீர்கள். சுவரில் இருக்கும் நீர்க்கோட்டின் மேல் பெயின்ட் அடித்தாலும், எதிர் வீட்டு ஆயா முதல் முனை டீக்கடைக்காரர் வரை எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

செய்யக் கூடாதவை

புல்தரை வேண்டாம் என்பது என் கட்சி. கொரியன் புல் பதித்து ஒன்று சேர இரண்டு மாதம் ஆகும், கோடையில் தினமும் தண்ணீர் கேட்கும், 2019-ஐப் பார்த்தவர் அதைச் செலவாகத்தான் பார்ப்பார். பிளாஸ்டிக் புல் அதைவிட மோசம், சித்திரையில் அதன் மேல் கால் வைக்க முடியாது. ஈரச் சுவரை மறைக்கக் கொடி ஏற்றுவதும் வேண்டாம். வாங்குகிறவரின் இன்ஜினியர் கொடியை விலக்கித்தான் பார்ப்பார், அப்புறம் வீட்டில் எல்லாமே சந்தேகம்தான்.

காம்பவுண்டுக்கு வெளியே, தெரு இடத்தில் பாத்தி கட்டி வேலி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வங்கிக் கடனுக்கு மதிப்பீடு செய்ய வருகிறவர் அளந்து பார்க்கும்போது ஆக்கிரமிப்பு என்று எழுதினால், செடிக்காக ஒரு விற்பனை நின்றுபோகும்.

வாஸ்து பார்க்கிறவர்கள் வடகிழக்கு மூலையில் பெரிய மரமோ கனமான தொட்டியோ இருந்தால் முகம் சுளிப்பார்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, கனமான தொட்டிகளைத் தென்மேற்குப் பக்கம் தள்ளி வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

காட்டும் நாளும் படமும்

கிழக்கு பார்த்த வீட்டைக் காலை ஏழு எட்டு மணிக்கும், மேற்கு பார்த்த வீட்டை மாலை ஐந்து மணிவாக்கிலும் படம் எடுங்கள். வண்டிகளை நகர்த்திவிட்டு எடுங்கள். தையில் எடுத்த படத்தைச் சித்திரையில் போட்டால், வருகிறவர் கேட்டிலேயே ஏமாந்து போவார். அந்தந்தப் பருவப் படமே போதும்.

வருகிற அன்று காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கட்டும். துளசி மாடம் இருந்தால் துளசி உயிரோடு இருக்க வேண்டும், பட்டுப்போன துளசியைவிட வெறும் மாடமே மேல். மாலையில் காட்டுவதானால் கதவெண் தெரியும்படி ஒரு விளக்கு.

வெளிநாட்டில் இருந்துகொண்டு பூட்டிய வீட்டை விற்கிறவர்களுக்கு இதெல்லாம் சிரமம். பக்கத்தில் ஒருவருக்கு மாதச் சம்பளம் பேசி, தினமும் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாயும், ஸ்நேக் பிளான்ட், அரளி மாதிரி ஆள் கேட்காத செடிகளும் வைத்தால் சமாளிக்கலாம்.

அட்வான்ஸ் வாங்கிய பிறகு

அட்வான்ஸுக்கும் பத்திரப்பதிவுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மாதம் ஓடிவிடும். அதற்குள் வாங்குகிறவர் மாமியாரைக் கூட்டி வருவார், தம்பியைக் கூட்டி வருவார். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். தரையில் நட்டதெல்லாம் வீட்டோடு சேர்ந்தது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தாத்தா வைத்த செம்பருத்தியைக் கொண்டுபோக ஆசையிருந்தால், வீட்டைக் காட்டத் தொடங்கும் முன்பே பதியன் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிகளில் எவை உங்களோடு வரும், எவை வீட்டோடு இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.